கத்திக்கு முந்தைய நான்கு வாரம்

டாஸ்மாக் கடையில் விற்கும் பிராந்தி குவாட்டர் என்பது 180 மில்லி. லேபிளில் 42.8 சதவீதம் என்று அச்சிட்டிருக்கும். கணக்குப் போட்டால் சுத்த ஆல்கஹால் 77 மில்லி. எடையில் ஏறக்குறைய 60 கிராம். இந்த 60 கிராம் 1999-இல் டென்மார்க்கில் வெளியான ஓர் ஆய்விலும் வருகிறது. ஹன்னே டோனசன் என்ற அறுவை மருத்துவரும் அவரது குழுவினரும், நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் ஆல்கஹால் குடித்துவந்த, பெருங்குடல் அறுவைக்குக் காத்திருந்த 42 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். கல்லீரல் நோய் இல்லாதவர்கள். ஒரு பாதிப் பேரை அறுவைக்கு ஒரு மாதம் முன்பே, மேற்பார்வையில், குடித்தால் உடம்புக்கு ஒவ்வாமல்போகச் செய்யும் டைசல்ஃபிராம் மாத்திரை கொடுத்து, குடியை நிறுத்த வைத்தார்கள். மறு பாதி வழக்கம்போல இருந்தது. அறுவைக்குப் பின் சிக்கல் வந்தவர்கள் நிறுத்தியவர்களில் 31 சதவீதம், நிறுத்தாதவர்களில் 74 சதவீதம்.

சேலத்திலோ நாமக்கல்லிலோ ராத்திரிக்கு ஒரு குவாட்டர் போடுகிறவரை யாரும் குடிகாரர் என்று சொல்வதில்லை. லாரியை இறக்கிவிட்டு வந்து போடுகிறார், தறியை நிறுத்திவிட்டு வந்து போடுகிறார், உடம்பு வலிக்குப் போடுகிறார். 'எப்பவாச்சும் எடுத்துக்குவேனுங்க' என்பதுதான் மருத்துவமனையில் அவர் சொல்லும் பதில். டென்மார்க் மருத்துவர்களின் அளவுகோலில் அவர் உயர்ந்த ஆபத்துள்ள நோயாளி. இதை அவரும் அறியமாட்டார், வீட்டாரும் அறியமாட்டார்கள். பல சமயம் அறுவை முடிந்த மூன்றாம் நாள் வரை வார்டும் அறியாது.

இந்தக் கட்டுரை அந்த இடைவெளியைப் பற்றியது. புற்றுநோய் என்று பயாப்ஸி சொன்ன நாளுக்கும் ஆபரேஷன் தியேட்டருக்குள் போகும் நாளுக்கும் நடுவே சில வாரங்கள் ஓடுகின்றன. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, பல் பிடுங்குவது, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட ஒப்புதல், மயக்க மருத்துவரிடம் 'பிட்னஸ்' வாங்குவது என்று அலைந்தே அந்த வாரங்கள் தீர்கின்றன. நடுவில் யாராவது ஒருவர், 'இனிமே பீடி சிகரெட் தொடக்கூடாது, தண்ணி போடக்கூடாது, தெரிஞ்சுதா?' என்று அதட்டுவார். நோயாளி தலையாட்டுவார். அத்தோடு அந்த வேலை முடிந்துவிட்டதாகக் கொள்கிறோம். புகையிலையையும் மதுவையும் விடச்செய்வது அறுவைக்கு முந்தைய சிகிச்சையில் ஒன்று, ரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவதைப் போல மருந்தும் ஆளும் நாளும் ஒதுக்கிச் செய்ய வேண்டியது என்பதே நான் சொல்ல வந்தது.

புகை உடம்புக்குள் செய்வதை முதலில் பார்ப்போம். பீடியிலோ சிகரெட்டிலோ வரும் கார்பன் மோனாக்சைடு, சிவப்பணுக்களில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. நிக்கோட்டின் நுண்ணிய ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. சளியை மேலே தள்ளும் நுண்மயிர்கள் நுரையீரலில் செயலிழந்து கிடக்கின்றன. வாய்ப் புற்றுநோய் அறுவையில் கன்னத்தையோ தாடையின் ஒரு பகுதியையோ எடுத்துவிட்டு, அந்தக் குழியை மார்புத் தசையாலோ, முன்கையிலிருந்து ரத்தக் குழாயோடு எடுத்த தோலாலோ அடைக்கிறார்கள். முன்கைத் தோலின் மெல்லிய குழாயை மைக்ரோஸ்கோப் வைத்துக் கழுத்துக் குழாயோடு தைக்கிறார்கள். அதில் ரத்தம் தடைபட்டால் ஒட்டிய தோல் கறுத்துப்போகும். தையல் விட்டுப்போனால் உமிழ்நீர் கழுத்து வழியாக ஒழுகும். புண் ஆறத் தாமதமானால், அறுவைக்குப் பின் ஆறு வாரத்துக்குள் தொடங்க வேண்டிய கதிர்வீச்சும் தள்ளிப்போகும். நோய் திரும்பி வர அது வழிவிடும்.

கார்பன் மோனாக்சைடு ஒரு நாளில் பெரும்பாலும் வெளியேறிவிடும். நுண்மயிர்களும் புண் ஆற்றும் செல்களும் பழைய நிலைக்குத் திரும்ப வாரங்கள் ஆகும். இதைச் சோதித்த ஆய்வுகளில் இரண்டு பலராலும் மேற்கோள் காட்டப்படுபவை. 2002-இல் டென்மார்க்கில் ஆன் மோலர் குழு, இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்று அறுவைக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பு வாராவாரம் ஆலோசனையும் நிக்கோட்டின் மாற்று மருந்தும் கொடுத்தது. சிக்கல்கள் 52 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தன. 2008-இல் சுவீடனில் நான்கு வாரம் முன்பு தொடங்கிய ஆய்வில் 41 சதவீதம் 21 ஆனது.

இவை புற்றுநோய் அறுவைகள் அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். புற்றுநோய்க்கு வரும்போது படம் கலங்குகிறது. மார்பகப் புற்றுநோய் அறுவைக்குச் சில நாள் முன்பு ஒரே ஒரு முறை பேசிப் பார்த்த டென்மார்க் ஆய்வில் (2010) இரு தரப்பிலும் 61 சதவீதம் பேருக்குச் சிக்கல். ஒரு துளி வித்தியாசமும் இல்லை. சிறுநீர்ப்பையை அகற்றும் அறுவையில் புகை, மது இரண்டையும் சேர்த்து விடவைக்க முயன்ற 'ஸ்டாப்-ஆப்' ஆய்வின் முடிவு 2022-இல் வந்தது. 104 நோயாளிகள். தீவிர உதவி பெற்றவர்களில் பாதிப் பேர் விட்டார்கள். பெறாதவர்களில் கால்வாசிப் பேர்தான். ஆனாலும் அறுவைச் சிக்கல்களில் உறுதியாகச் சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை. மது பற்றிய அறுவை ஆய்வுகளைக் காக்ரேன் அமைப்பு 2018-இல் தொகுத்தபோது மூன்று ஆய்வுகளும் 140 பேரும்தான் தேறினார்கள்.

இதைப் படித்துவிட்டு 'அப்படியென்றால் விட்டு என்ன பயன்' என்று கேட்பவர்கள் மருத்துவர்களிலும் உண்டு. எனக்கு இந்த எண்கள் வேறொன்றைச் சொல்கின்றன. ஒரு முறை பேசுவது போதாது, கடைசி வாரத்தில் தொடங்குவதும் போதாது. ஆனால் ஆள் வைத்து உதவினால் புற்றுநோயாளிகளில் பாதிப் பேர் விடுகிறார்கள். அந்தப் பலன் அறுவை மேசையோடு முடிவதுமில்லை. மாஸ்கோவில் நுரையீரல் புற்றுநோய் தொடக்க நிலையில் கண்டுபிடிக்கப்பட்ட 517 புகைப்பவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். 2021-இல் வெளியான முடிவின்படி, நோய் தெரிந்த பிறகு விட்டவர்கள் விடாதவர்களைவிட ஏறத்தாழ 22 மாதம் கூடுதலாக வாழ்ந்தார்கள். வாய்ப் புற்றுநோயில் இது இன்னும் முக்கியம். கட்டியைச் சுற்றியுள்ள, கண்ணுக்கு இயல்பாகத் தோன்றும் சவ்வும் நோய்க்குத் தயாராகியிருப்பதை 1953-லேயே ஸ்லாட்டர் என்ற அமெரிக்க மருத்துவரும் கூட்டாளிகளும் காட்டினார்கள். வலது கன்னத்தை எடுத்துவிட்ட பிறகு இடது கன்னத்தில் புகையிலை அடக்குபவருக்கு இரண்டாவது கட்டி வர இடமிருக்கிறது.

புகையிலை என்றதும் நாம் புகையை மட்டும் நினைக்கிறோம். சேலம் சமவெளியில் அது பாதிக் கதை. 2016-17-இல் நடந்த உலக வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் புகைப்பவர்கள் 10.5 சதவீதம், மெல்லுவது அடக்குவது முதலான புகையில்லாப் புகையிலை பயன்படுத்துபவர்கள் 10.6 சதவீதம். ஏறக்குறைய சரிபாதி. நாமக்கல் லாரி ஓட்டுநர் நாக்பூர் தாண்டித் தூக்கம் வரும்போது உதட்டுக்குள் ஹான்ஸ் புகையிலை வைக்கிறார். பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிகளில் ராத்திரி ஷிப்டில் இரு கையும் நூலில் இருக்க, வாய்க்குள் அடக்குவதுதான் வசதி. ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டு ரிக் வண்டியோடு மாதக்கணக்கில் வெளிமாநிலம் போகிறவர்களும் அப்படித்தான். காட்டு வேலைக்குப் போகும் வயதான பெண்கள் வெற்றிலையோடு பொயலை சேர்த்துப் போடுகிறார்கள். பல்வலிக்கு என்று தொடங்கியது பசிக்கும் ஆகிவிட்டது.

இவர்களிடம் போய் 'சிகரெட் குடிப்பீங்களா?' என்று கேட்டால் 'இல்லீங்க' என்பார்கள். பொய்யில்லை. கேஸ் ஷீட்டில் 'புகைப்பழக்கம் இல்லை' என்று ஏறிவிடும். 2013 மே முதல் குட்காவும் மெல்லும் புகையிலைப் பொருள்களும் தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்டவை என்பதால், ஹான்ஸ் போடுவதைச் சொல்லவே தயங்குகிறவர்களும் உண்டு. 'வெத்தலை போடுவீங்களாம்மா? கூட பொயலை வைப்பீங்களா? ராத்திரி தூங்கறப்பவும் வாய்ல இருக்குமா?' என்று கேட்டால் பதில் வேறாக வரும். தூக்கத்திலும் அடக்கிவைப்பவருக்கு நிக்கோட்டின் பிடிமானம் அதிகம்; அவருக்கு வெறும் அறிவுரை பலிக்காது. நிக்கோட்டின் மாற்று மருந்து நம்மூரில் பெரும்பாலும் சூயிங்கமாகக் கிடைக்கிறது. வாய்ப் புற்றுநோயாளிக்கு வாயே இரண்டு விரல் திறக்காது, உள்ளே புண் இருக்கும். அவரால் எதை மெல்ல முடியும்? அவருக்குத் தோலில் ஒட்டும் பேட்ச் வேண்டும். பேட்ச் புண் ஆறுவதைக் கெடுக்குமோ என்று அறுவை மருத்துவர்கள் சிலர் அஞ்சுகிறார்கள். 2003-இல் டென்மார்க்கில் தன்னார்வலர்களின் தோலில் சிறு காயம் உண்டாக்கிப் பார்த்த ஆய்வில், நான்கு வாரம் புகையை விட்டவர்களுக்குப் புண்ணில் கிருமித் தொற்று குறைந்தது. பேட்ச் போட்டிருந்தவர்களுக்கும் அப்படியே குறைந்தது. இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் 2022-இல் நிக்கோட்டின் மாற்று மருந்து சேர்ந்திருக்கிறது. பட்டியலில் இருப்பது புற்றுநோய் வார்டின் மருந்து அலமாரிக்கும் வர வேண்டும்.

'சட்டுனு விட்டா உடம்பு கெட்டுப்போயிரும்' என்று ஒரு பேச்சு ஊரில் உண்டு. நோயாளியின் மாமனோ மச்சானோ இதைச் சொல்லாமல் இருக்கமாட்டார்கள். புகையிலையைப் பொறுத்தவரை இது தவறு. அறுவைக்குச் சில வாரம் முன்பு விட்டால் சளிக் கோளாறு கூடும் என்று 1989-இல் அமெரிக்காவில் வந்த ஒரு சிறிய ஆய்வு மருத்துவர்களையே பல காலம் குழப்பியது. 2011-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது அந்தப் பயத்துக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. அறுவைக்கு முந்தின நாள் விட்டாலும் நல்லதே.

மதுவைப் பொறுத்தவரை அந்தப் பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. மருத்துவமனைகள் அந்தப் பாதியைத்தான் காதில் வாங்குவதில்லை. பல ஆண்டுகள் தினமும் குடித்த மூளை, ஆல்கஹாலின் மந்தத்துக்கு ஈடாகத் தன்னை எப்போதும் முடுக்கியே வைத்திருக்கும். மது நின்றதும் அந்த முடுக்கம் மட்டும் மிஞ்சுகிறது. சில மணி நேரத்தில் கை நடுக்கமும் வியர்வையும் வரும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்கு டெலிரியம் வருகிறது. ஆள் யாரென்று தெரியாது, சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்வார், எழுந்து ஓடப் பார்ப்பார். சும்மா வீட்டில் இருப்பவருக்கு வந்தாலே உயிருக்கு ஆபத்தான நிலை இது. கழுத்தில் மூச்சுக்குழாய்த் துளையும், மூக்கில் உணவு டியூப்பும், கன்னத்தில் புதிதாகத் தைத்த தோலும் உள்ளவருக்கு வந்தால் எல்லாவற்றையும் பிடுங்கிவிடுவார். கட்டிலோடு கட்டிப்போடுகிறார்கள். வீட்டார் 'கொஞ்சம் சரக்கு குடுத்தாச் சரியாயிருங்களே' என்று நர்ஸிடம் கெஞ்சுகிறார்கள். அவர்கள் ஒன்றும் தெரியாமல் பேசவில்லை. கண்முன்னே பலமுறை பார்த்ததைச் சொல்கிறார்கள்.

இதைத் தடுக்கும் மருந்துகள் பழையவை, விலை குறைந்தவை. குளோர்டயசெபாக்சைடு, லோராசெபாம் போன்றவற்றை அளவறிந்து கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள். கூடவே தையமின் என்ற பி1 வைட்டமின். அது இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால், ஏற்கெனவே சத்துக் குறைந்த மூளைக்கு நிரந்தரக் கேடு வரலாம். இவ்வளவையும் அறுவைக்கு இரண்டு, மூன்று வாரம் முன்பே செய்து முடித்துவிட முடியும். அதற்கு முன்கூட்டித் தெரிந்திருக்க வேண்டும். தெரிய வேண்டுமென்றால் அதட்டாமல் கேட்க வேண்டும். அதட்டும் மருத்துவரிடம் எந்த நோயாளியும் குவாட்டர் கணக்கைச் சொல்லமாட்டார். புகையும் மதுவும் ஒரே ஆளிடம் இருக்கும்போது மருந்துகள் ஒன்றோடொன்று மோதுவதும் உண்டு. புகையை விடக் கொடுக்கும் பியூப்ரோபியான் மாத்திரையை, தினமும் குடித்துத் திடீரென நிறுத்துகிறவருக்குக் கொடுக்கக்கூடாது. வலிப்பு வரும் வாய்ப்பைக் கூட்டும். அதனால்தான் இரண்டு பழக்கத்தையும் ஒரே இடத்தில், ஒரே ஆள் பார்க்க வேண்டியிருக்கிறது.

மதுவை நிறுத்துவதில் இந்த மண்ணுக்கு நெடிய வரலாறு உண்டு. ராஜாஜி 1925-இல் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கி, சுற்றுக் கிராமங்களின் குடியைப் பார்த்தார். 1929 முதல் மதுவிலக்குக்கென்றே 'விமோசனம்' இதழை நடத்தினார். 1937-இல் சென்னை மாகாணத்தின் முதல்வரானதும், அக்டோபர் 1 அன்று மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில்தான். இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் அன்று சேலத்துக்குள் இருந்தன. மதுவிலக்கால் இழந்த வருவாயை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரி வந்தது. 1948-இல் மதுவிலக்கு மாகாணம் முழுக்கப் பரவியது, 1971-இல் தளர்ந்தது. 1983-இல் டாஸ்மாக் பிறந்தது. 2003 முதல் சில்லறைக் கடைகளும் அதன் கையில்.

ராஜாஜியின் முயற்சியை நான் மதிக்கிறேன். கடையே இல்லாத ஊரில் குடிக்கத் தொடங்குவது கடினம் என்பதில் ஐயமில்லை. ஆனால் கடையை மூடும் ஆணை, ஏற்கெனவே பழகிப்போன உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்காது. 2020 மார்ச் இறுதியில் ஊரடங்கில் டாஸ்மாக் கடைகள் அடைபட்டபோது, ஷேவிங் லோஷனையும் வார்னிஷையும் குடித்துத் தமிழ்நாட்டில் சிலர் செத்துப்போனார்கள். அறுவைக்காக வார்டில் சேர்க்கப்படும் நாள், அந்த ஒரு நோயாளிக்கு அதேபோன்றதொரு ஊரடங்கு நாள்தான்.

ஊரில் இதற்கு வேறொரு குறுக்குவழியும் இருக்கிறது. 'குடிப்பவருக்குத் தெரியாமலே உணவில் கலந்து கொடுக்கலாம்' என்ற போஸ்டர்களைப் பேருந்து நிலையச் சுவர்களில் காணலாம். புற்றுநோய் என்று கேட்டு நடுங்கிப்போன மனைவி அதை நம்பி வாங்குவதில் வியப்பில்லை. அப்படிக் கொடுப்பதில் டைசல்ஃபிராம் இருந்து, அவர் வெளியே போய்க் குடித்தும் விட்டால், ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மயக்க மருத்துவருக்குத் தெரியாமல் அந்த மருந்து உடம்பில் இருப்பதும் நல்லதில்லை. டென்மார்க் ஆய்வில் அதே மாத்திரையைத்தான் கொடுத்தார்கள். நோயாளி அறிந்து, சம்மதித்து, மேற்பார்வையில் விழுங்கினார். வீட்டாரின் அந்தக் கவலையை மருத்துவமனைதான் கையில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

யார் செய்வது என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டிலேயே விடைகள் இருக்கின்றன. முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மையத்தில், 2002-இல் உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு நாடெங்கும் தொடங்கிய 13 புகையிலை விடுவிப்பு மையங்களில் ஒன்று அமைந்தது. அந்த மையத்தின் தலைவராக இருந்த மருத்துவர் சாந்தாவின் காலத்தில் அங்கே உளவியலாளர்கள் புற்றுநோய்ச் சிகிச்சையின் ஓர் அங்கமானார்கள். அவர்களில் விதுபாலா போன்றவர்கள் புகையிலைக் கட்டுப்பாட்டை அங்கிருந்தே முன்னெடுத்தார்கள். குடிக்கு, சாந்தி ரங்கநாதன் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, குடும்பத்தையும் உட்காரவைத்துச் சிகிச்சை தரும் முறையை வளர்த்தது. 1989 முதல் மஞ்சக்குடியில் கிராம முகாமும் நடத்தியது. 2025-இல் தமிழக அரசு 'கலங்கரை' என்ற பெயரில் 25 போதை மீட்பு மையங்களைத் தொடங்கியது.

சேலம் சமவெளியின் நோயாளி அடையாறுக்குப் போவதென்றால் கூலியும் போகும், துணைக்கு வருபவரின் கூலியும் போகும். சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நாமக்கல்லில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி என்றால் மனநலத் துறையும் உண்டு, அறுவைத் துறையும் உண்டு. இரண்டுக்கும் இடையே ஒரு சீட்டு போய்வர வேண்டும், அவ்வளவுதான். பயாப்ஸி முடிவு வந்த அன்றே அந்தச் சீட்டு எழுதப்பட்டால் நான்கு வாரம் கையில் கிடைக்கும். பிட்னஸ் வாங்கப் போகும் அன்று எழுதினால் நான்கு நாள்தான். இதற்காக அறுவையைத் தள்ளிவைக்கவும் கூடாது. புற்றுநோய் அறுவை நான்கு வாரம் தாமதமானால் இறப்பு ஆபத்து 6 முதல் 8 சதவீதம் கூடுவதாக 2020-இல் பெரிய தொகுப்பாய்வு ஒன்று கணக்கிட்டது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நாள்களுக்குள்ளேயே செய்ய வேண்டிய வேலை இது.

இதற்கு மனநல மருத்துவரே வேண்டும் என்பதுமில்லை. கோவாவில் விக்ரம் பட்டேலின் குழு, மருத்துவம் படிக்காத சாதாரண ஆள்களுக்குப் பயிற்சி கொடுத்து, அளவு மீறிக் குடிக்கும் ஆண்களோடு நான்கு அமர்வு வரை பேச வைத்தது. 2017-இல் 'லான்செட்' இதழில் வந்த முடிவில், பேசப்பட்டவர்களில் 36 சதவீதம் பேர் ஆபத்தான குடியிலிருந்து மீண்டார்கள். மற்றவர்களில் 26 சதவீதம். கடுமையாக அடிமைப்பட்டவர்களுக்கு இது போதாது, அவர்களுக்கு மருந்து வேண்டும். ஆனால் வார்டில் நோயாளிகளின் மொழியில் பேசத் தெரிந்த ஒருவர், ஒரு நாற்காலி, வாரம் ஒரு முறை அரை மணி நேரம் என்பது எந்த மாவட்ட மருத்துவமனைக்கும் எட்டாத செலவில்லை. வாரம் ஒரு முறை வர முடியாத ஓட்டுநருக்கும் ரிக் தொழிலாளிக்கும் தேசியப் புகையிலை விடுவிப்புத் தொலைபேசி இருக்கிறது: 1800-11-2356. 2016-இல் டில்லியில் தொடங்கியது. 2018 முதல் பெங்களூரு நிம்ஹான்ஸ் மையமும் சேர்ந்து, தென்மொழிகளில் பேசுகிறது. புகையிலைப் பாக்கெட்டுகளின் மேலேயே அச்சிட்டிருக்கிறார்கள். ஆனாலும் யாராவது ஒருவர் நோயாளியின் போனில் அந்த எண்ணைப் பதிந்துகொடுக்க வேண்டும்.

அறுவை நல்லபடியாக முடிந்து வீடு திரும்பியவருக்குத் தறிப்பட்டறையும் லாரி ஷெட்டும் பழைய சிநேகிதர்களும் அப்படியே இருப்பார்கள். பலர் விட்டதை மறுபடி தொடுவது அந்த மாதங்களில்தான். டிஸ்சார்ஜ் சம்மரியில் கட்டியின் அளவு, எடுத்த நெறிக்கட்டிகளின் எண்ணிக்கை, அடுத்த செக்கப் தேதி எல்லாம் இருக்கும். பொயலை விட்ட தேதி, கடைசியாகக் குடித்த தேதி என்று இரண்டு வரி அதில் கூடுதலாக இருந்தால், ஒவ்வொரு செக்கப்பிலும் மருத்துவர் அதைப் பார்த்துவிட்டுக் கேட்பார். 2021-இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர் மாத்திரையோடு வீடு தேடி வரும் பெண்ணும் அதைப் படித்துவிட்டு, 'இப்போ எப்படிங்க இருக்கு, ஆசை வருதுங்களா?' என்று திண்ணையில் உட்கார்ந்து கேட்கலாம். ஆசை வருகிறது என்று அவர் சொன்னால் அனுப்ப வேண்டிய இடமும், அங்கே உட்கார்ந்திருக்கும் ஆளின் பெயரும் அந்தப் பெண்ணிடம் இருக்க வேண்டும்.